ஐந்து டப்பா மாத்திரை, அரை வயிறு சாப்பாடு

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு வயது 38. பள்ளி ஆசிரியை. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நான்கு. மகளை மழலையர் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து வீட்டில் சளி நின்றபாடில்லை. அவளுக்கு வந்தால் அடுத்த வாரம் எனக்கு. ஆறு மாதத்தில் எனக்கு மட்டும் ஐந்து முறை வந்துவிட்டது. எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னதால், ஐந்து மாதமாக வைட்டமின் சி 1000 மில்லிகிராம், துத்தநாகம் 50 மில்லிகிராம், வைட்டமின் டி, ஒரு மல்டிவைட்டமின், தண்ணீரில் கலந்து குடிக்கும் ஒரு மூலிகைப் பொடி எல்லாம் எடுக்கிறேன். காலையில் எலுமிச்சைச் சாறு பிழிந்த வெந்நீர். எடை குறைக்கச் சாப்பாட்டையும் கட்டுப்படுத்தி ஏழு கிலோ குறைத்தேன், இப்போது 58. இருந்தும் சளி வருகிறது, எந்நேரமும் அசதி, முடி வேறு கொட்டுகிறது. இன்னும் எதைச் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி கூடும்? எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 71 வயது, அவருக்கும் சொல்லுங்கள். மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன், நீங்கள் இணைத்த அந்த மூன்று நாள் குறிப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதி அனுப்புவதில்லை, அதற்கு முதலில் நன்றி. வியாழக்கிழமை குறிப்பு இப்படி இருக்கிறது: காலை எலுமிச்சை வெந்நீர், மாத்திரைகள். பத்தரைக்குத் தேநீர், மூன்று பிஸ்கட். மதியம் வெள்ளரி தக்காளி சாலட் ஒரு கிண்ணம், ஒரு ஆப்பிள். மாலை தேநீர். இரவு, "பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறும் பருப்பும் கொஞ்சம்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "நோட்டு திருத்திவிட்டுப் படுக்கும்போது 11.45, எழுந்தது 5.15."

உங்கள் கேள்விக்கான பதில் இந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. "இன்னும் எதைச் சாப்பிட்டால்" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை, சகோதரி.

அந்த வியாழக்கிழமையின் புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன், எப்படித் தாராளமாகப் போட்டாலும் 20 கிராமைத் தாண்டவில்லை. ஆரோக்கியமான ஒருவருக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லப்படுவது உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், உங்கள் 58 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 46 கிராம் வருகிறது. பாதிகூட இல்லை. எதிர்ப்பு சக்தி என்று நாம் சொல்வது ஏதோ காற்றில் இருக்கிற விஷயம் இல்லை. கிருமியைப் பிடித்து வைக்கிற ஆன்டிபாடி புரதத்தால் ஆனது, ஒரு செல் இன்னொரு செல்லுக்குத் தகவல் அனுப்புகிற பொருட்களும் பெரும்பாலும் புரதம்தான், கிருமி உள்ளே வந்ததும் வெள்ளை அணுக்கள் ஒன்று பலவாகப் பெருக வேண்டும், அதற்கும் புரதமும் கலோரியும் வேண்டும். நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணு ரத்தத்துக்குள் வந்தபின் ஒரு நாள் சொச்சம்கூட உயிரோடு இருப்பதில்லை, அதனால் எலும்பு மஜ்ஜை தினமும் கோடிக்கணக்கில் புதிதாகச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அதற்குக் கொடுப்பது மூன்று பிஸ்கட்.

முடி கொட்டுவதற்கும் இதே காரணம் இருக்கலாம். சாப்பாடு குறைந்து எடை இறங்கும்போது உடம்பு முதலில் கைவிடுவது முடியைத்தான், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் தெரியும்.

சரி, அடுத்தது, "கூட்டுவது" என்ற பேச்சு. எதிர்ப்பு மண்டலம் ஏற்ற ஏற்ற நல்லது என்கிற விஷயமே இல்லை. அது அளவு மீறினால் தூசிக்கும் மகரந்தத்துக்கும் போர் தொடுக்கும், அதைத்தான் அலர்ஜி என்கிறோம். சொந்த மூட்டையே தாக்கினால் முடக்குவாதம். அதற்கு வேண்டியது எல்லாச் சத்தும் குறைவில்லாமல் கிடைப்பதுதான். குறை இருக்கும் இடத்தில் அதை நிரப்பினால் கிடைக்கிற பலன் மலைக்க வைக்கும், குறையே இல்லாத இடத்தில் மேலும் மேலும் கொட்டினால் பலன் ஒன்றும் வராது, சில நேரம் கெடுதலும் வரும். இந்த ஒன்றை நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும், கடையில் எந்த டப்பாவைப் பார்த்தாலும் நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

ஆல்ஃப்ரெட் சாமர் என்று ஒரு அமெரிக்கக் கண் மருத்துவர். வைட்டமின் ஏ குறைவால் மாலைக்கண் வரும் குழந்தைகளை இந்தோனேசியாவில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணைப் பார்க்கப் போனவருக்கு வேறொன்று தெரிந்தது: லேசான மாலைக்கண் இருக்கிற குழந்தைகள்கூட மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இறந்துபோகிறார்கள். அச்சே பகுதியில் கிராமம் கிராமமாக, சில ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுத்தும் சில ஊர்களில் கொடுக்காமலும் பார்த்தார்கள். 1986-இல் முடிவு வெளியானது. கொடுத்த ஊர்களில் குழந்தை இறப்பு 34 சதவீதம் குறைவு. வருடத்துக்கு இரண்டே முறை கொடுத்த மருந்து! மூக்கு, தொண்டை, நுரையீரல், குடல், இந்த உள்தோல் எல்லாம் கிழியாமல் ஈரமாக இருக்க வைட்டமின் ஏ வேண்டும், கிருமி நுழைகிற வாசலே அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே வைட்டமினை நன்றாகச் சாப்பிடுகிறவர் மேலும் மேலும் மாத்திரையாகப் போட்டால் அது கல்லீரலில் சேர்ந்து அதைக் கெடுக்கும், கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றிலுள்ள சிசுவையும் பாதிக்கும். கேரட், கீரை, ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இவற்றைக் கொஞ்சம் எண்ணெயோடு சாப்பிட்டால் அந்தப் பயம் இல்லை, உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

இப்போது உங்கள் டப்பாக்களுக்கு வருவோம்.

முதலில் துத்தநாகம், ஏனென்றால் இதில்தான் எனக்கு உண்மையாகவே கவலை. ஒரு டப்பாவில் 50 மில்லிகிராம். மல்டிவைட்டமின் லேபிளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்களே, அதில் ஏழாவது வரியைப் பாருங்கள், அங்கேயும் துத்தநாகம் 15 மில்லிகிராம் இருக்கிறது. மொத்தம் 65. பெண்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 8 மில்லிகிராம்தான், தினமும் எடுப்பதற்கான உச்ச வரம்பு 40. நீங்கள் ஐந்து மாதமாக அந்த வரம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். துத்தநாகம் அதிகமாகும்போது குடல் தாமிரத்தை உள்ளே விடாது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், அதோடு மேலே சொன்ன நியூட்ரோபில் எண்ணிக்கையும் இறங்கும். எதிர்ப்பு சக்திக்காக வாங்கிய மாத்திரை எதிர்ப்பு சக்தியின் காலையே வாரிவிடும். உங்கள் அசதிக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லவும் முடியாது. ஆனால் இதைப் படித்த இன்றே அந்த 50 மில்லிகிராம் டப்பாவை மூடி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது எல்லா டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயரைச் சொன்னால் போதாது, லேபிளை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

வைட்டமின் சி, 1000 மில்லிகிராம். லினஸ் பாலிங் இரண்டு முறை நோபல் பரிசு வாங்கியவர், அவரே 1970-இல் சளிக்கு வைட்டமின் சி என்று சொன்னதால் உலகமே நம்பியது. அதற்குப் பிறகு ஏகப்பட்ட சோதனைகள் நடந்தன. எல்லாவற்றையும் சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2013-இல் சொன்னது இதுதான்: தினமும் எடுத்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம் சீக்கிரம் முடிகிறது, ஏழு நாள் சளி என்றால் அரை நாள் மிச்சம். சளி பிடித்தபின் ஆரம்பித்தால் நிலையான பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்கிற வீரர்கள், இவர்களுக்கு மட்டும் சளி வருவது பாதியானது. நீங்கள் மாரத்தான் ஓடவில்லை. ஒரு நாளைக்கு வேண்டியது 75 மில்லிகிராம், ஒரு கொய்யாப்பழத்திலேயே அதற்கு மேல் இருக்கிறது, ஆரஞ்சு என்றால் ஒன்றரை. எலுமிச்சை வெந்நீரும் அப்படித்தான், அதில் கெடுதல் எதுவும் இல்லை, ஆனால் அரை மூடி எலுமிச்சையில் கிடைப்பது கொஞ்சமே, அதைக் குடித்துவிட்டுக் காலைச் சாப்பாடு முடிந்ததாக நினைப்பதுதான் தப்பு. அந்த எலுமிச்சையை என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, உடம்பில் தங்கிவிடும், அதனால் ரத்தத்தில் அளவு பார்த்து, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்கிற அளவு, சொல்கிற காலம் மட்டும். உணவில் இது கிடைக்கும் இடம் குறைவு, கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள்கரு, வைட்டமின் சேர்த்த பால், மற்றபடி வெயில். மூலிகைப் பொடியைப் பற்றி ஒரே வரி: அதில் எது எவ்வளவு என்று லேபிளிலேயே இல்லை, அதனால் நிறுத்துங்கள்.

அப்புறம், என்ன சாப்பிடுவது.

எடை குறைத்ததை நான் குறை சொல்லவில்லை. குறைத்த விதம்தான் சரியில்லை. காலையில் இரண்டு முட்டை, அதில் 12 கிராம் புரதம். மதியம் வேகவைத்த பயறோ கொண்டைக்கடலையோ ஒரு கிண்ணம், 12 கிராம். ஒரு கப் தயிர், 7 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலை, இன்னொரு 7. இதோடு சோறோ ரொட்டியோ உங்கள் வழக்கப்படி, அதிலிருந்தும் எட்டு பத்து கிராம் வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், 46 தானாக வந்து நிற்கிறது. முட்டை சாப்பிடாதவர் என்றால் பயற்றையும் தயிரையும் காலைக்கும் கொண்டு வாருங்கள். இந்தச் சாப்பாடு வயிற்றில் நேரம் நிற்கும், பத்தரைக்கு பிஸ்கட் தேடாது, எடையும் ஓடிவந்து ஏறிவிடாது.

அந்தப் பயற்றுக் கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயறு வகைகளில் இரும்பும் துத்தநாகமும் நிறைய உண்டு, ஆனால் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. இரவு பயற்றைக் கழுவி ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஈரத்துணியில் கட்டி வையுங்கள். அடுத்த நாள் துணியைப் பிரித்தால் ஒவ்வொரு பயற்றிலும் வெள்ளையாக ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். அந்த மூக்கு வரும்போதே ஃபைட்டிக் அமிலம் உடைய ஆரம்பித்துவிட்டது. காய்ந்த பயற்றில் கிட்டத்தட்ட இல்லாத வைட்டமின் சி-யும் முளையில் புதிதாக வந்திருக்கும். அதை ஆவியில் வேகவையுங்கள், பச்சையாக வேண்டாம், அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்த இடம். வெந்து இறக்கியபின், காலையில் வெந்நீரில் பிழிந்தீர்களே அந்த அரை மூடி எலுமிச்சை, அதை இதன் மேல் பிழியுங்கள். தாவர உணவில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி பெரிய உதவி. தேநீர் நேர்மாறு, அது இரும்பைத் தடுக்கும், அதனால் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். மாதவிடாய் இருக்கிற, பல மாதமாக அரை வயிறு சாப்பிடுகிற, முடி கொட்டுகிற ஒரு பெண்ணுக்கு இரும்பு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

காயும் பழமும் ஒரு நாளைக்கு 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நிறம் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள், வெள்ளரியும் தக்காளியும் மட்டுமே என்று இருக்க வேண்டாம். குடலைச் சுற்றித்தான் எதிர்ப்பு செல்கள் கூட்டமாகக் குடியிருக்கின்றன, அங்கே வாழ்கிற நல்ல பாக்டீரியாவுக்கு நார்ச்சத்துதான் சாப்பாடு, அதைச் செரித்து அவை விடுகிற கொழுப்பு அமிலங்களில்தான் குடலின் உள்சுவர் பிழைக்கிறது. தினமும் 25 கிராம் நார் வேண்டும். பயறு, முழுத்தானியம், தோலோடு பழம், இதிலேயே வந்துவிடும், தனியாகப் பொடி எதற்கு.

இனி, பலரும் சாப்பாட்டுக் கேள்வியில் சேர்க்காத ஒன்று. 11.45-க்குப் படுத்து 5.15-க்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். 2009-இல் ஷெல்டன் கோஹென் குழுவினர் அமெரிக்காவில் 153 ஆரோக்கியமான பேரின் தூக்கத்தை இரண்டு வாரம் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு எல்லோர் மூக்கிலும் சளி வைரஸைச் சொட்டுவிட்டுத் தனிமையில் வைத்துப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடித்தது, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நான் இதுவரை படித்த எந்த மாத்திரைக்கும் இந்த அளவு வித்தியாசம் இல்லை. திருத்த வேண்டிய நோட்டுகள் குறையப் போவதில்லை, எனக்கும் தெரியும், ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது அந்த வேலையைப் பள்ளியிலேயே முடிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டில் இரவுப் பாத்திரத்தை வேறு யாராவது கழுவட்டும்.

மகளைப் பற்றி நீங்கள் பயப்படுவது கடிதத்தில் தெரிகிறது. மழலையர் பள்ளிக்குப் போக ஆரம்பித்த குழந்தைக்கு வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு சளி வருவது வழக்கம்தான், சில குழந்தைகளுக்குப் பத்தும் தாண்டும். சளி உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டுமே 160-க்கு மேல் வகைகள், ஒன்றைச் சந்தித்து நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்தது புதிதாக வரும். அவள் நன்றாக வளர்கிறாள், விளையாடுகிறாள் என்றால் அவளுடைய எதிர்ப்பு மண்டலம் சரியாகத்தான் வேலை கற்றுக்கொண்டிருக்கிறது. அவளிடமிருந்துதான் உங்களுக்கு வருகிறது, ஐந்து முறை வந்ததில் பெரும்பங்கு அதுதான். உங்கள் மாத்திரை எதையும் அவளுக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், தடுப்பூசி அட்டையில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது, குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாதான் அடி வாங்கும்.

மாமியாருக்கு வருவோம். வயதானவர்களுக்குப் புரதம் குறைவாகப் போதும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள், நேர்மாறு. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், ஏனென்றால் அந்த வயதில் தசை சீக்கிரம் கரையும். பல்லும் பசியும் இடம் கொடுக்காது என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை, தயிர், குழைய வெந்த பருப்பு, மெத்தென்ற முட்டை, முள் எடுத்த மீன். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் இந்த அளவை அவருடைய மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 65-இலிருந்து 85 வயது வரை உள்ளவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது, 2012-இல் வெளிவந்தது. தினமும் ஐந்து பங்கு காய்கறி பழம் 16 வாரம் சாப்பிட்டவர்களுக்கு, இரண்டு பங்கோடு நின்றவர்களைவிட, நிமோகாக்கல் தடுப்பூசி (நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது) போட்டபின் ஆன்டிபாடி நன்றாக உருவாகியிருந்தது. ஆக, சாப்பாடும் தடுப்பூசியும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஃப்ளூ, நிமோகாக்கல் இரண்டும் அவருக்குப் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். காரணம் இல்லாமல் எடை இறங்கினால் வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு ஹீமோகுளோபின், வெள்ளை அணு எண்ணிக்கை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி, துத்தநாகக் கதையைச் சொல்லித் தாமிரமும், இவற்றைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வருடத்தில் நிமோனியா வந்து போயிருந்தால், வாயில் வெள்ளைப் படலம் விட்டு விட்டு வந்தால், நாள்கணக்கில் காய்ச்சல் நின்றால், புண் ஆறாமல் இருந்தால், அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, தள்ளிப்போடாமல் உடனே போங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். பையில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு பழமும் வைத்துக்கொண்டு போங்கள், ரத்தம் கொடுத்த கையோடு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் இதே மாதிரி மூன்று நாள் குறிப்பை, படுத்த நேரம் எழுந்த நேரத்தோடு, எனக்கு எழுதுங்கள்.